மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாதா?

மாரடைப்பு வந்தவர் மிதுன ராசியோ துலாமோ என்றால் ஆஸ்பிரினால் பலன் இல்லை, லேசாகக் கெடுதல்கூட இருக்கலாம். மற்ற பத்து ராசிகளுக்கும் அமோகம். ராசிபலன் பக்கத்தில் வந்ததில்லை இது. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் அச்சானது. ஐசிஸ்-2 என்ற அந்தச் சோதனையில் 17,187 நோயாளிகள் இருந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குழப்பமே இல்லை. ஐந்து வாரங்களுக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 11.8 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 9.4 சதவீதம்.

இதில் ராசி எங்கே வந்தது? ஆய்வை நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு குழு வேண்டுமென்றே செய்த குறும்பு. வயது, சுகர், பி.பி. என்று நோயாளிகளைக் கூறுபோட்டுக்கொண்டே போனால் என்னவெல்லாம் கிடைக்கும் என்று காட்டத்தான். (நம் ஜோசியர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்கள் பிரித்தது பிறந்த தேதியை வைத்து, சூரியன் கணக்கில். நம் ஜாதகத்து ராசி சந்திரன் கணக்கு. மயிலாப்பூரில் மிதுனமாக இருப்பவர் ஆக்ஸ்ஃபோர்டில் கும்பமாகியிருப்பார்.)

ராசி என்றால் சிரிக்கிறோம். அதே இடத்தில் ‘அறுபது வயதைத் தாண்டிய சுகர் நோயாளிகள்’ என்று இருந்தால் தலையாட்டியிருப்போம். சென்னை ஹோட்டல்களில் மருந்துக் கம்பெனிகள் நடத்தும் மாலைக் கூட்டங்களில் திரையில் ஓடும், நோயாளிகளை இப்படிக் கூறுபோட்டுக் காட்டும் துணைக்குழுப் படங்களில் இந்த மாதிரி வரிகளுக்குப் பஞ்சமில்லை.

கணக்கு எளிது. ஒன்றுக்கும் உதவாத ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான அளவுகோலில், ஒரு குழுவைப் பார்க்கும்போது இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தற்செயலாகத் தோன்ற வாய்ப்பு 5 சதவீதம். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 12 குழுக்களைத் தனித்தனியாகப் பார்த்தால், எங்கேயாவது ஒன்றில் அப்படித் தோன்ற வாய்ப்பு 46 சதவீதம். 20 குழுக்கள் என்றால் 64. அப்புறம் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுவது, மரத்தில் கண்டபடி கல்லெறிந்துவிட்டு, விழுந்த மாங்காயைத்தான் குறிவைத்தேன் என்பதைப் போல.

இதன் மறுபக்கம்தான் என் கணக்கில் மோசமானது: நல்ல மருந்து சிலருக்கு மட்டும் உதவாததாகத் தெரிவது. ஆட்கள் குறையக் குறைய முடிவு தள்ளாடும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய்ச் சோதனையைப் பாருங்கள். சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம்தான் அதை நடத்தியது. 193 நோயாளிகள், கேள்வி ஒன்றே: வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதுமா, சானடோரியத்தில் சேர வேண்டுமா? வீடே போதும் என்று 1959இல் வந்த பதில் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அதே 193 பேரை ஆண், பெண் என்றும், ஒவ்வொன்றையும் மூன்று வயதுப் பிரிவாகவும் பிரித்தால், சமமாக விழுந்தால்கூட, ஒரு பிரிவில் வீட்டுச் சிகிச்சைக்கு 16 பேர், சானடோரியத்துக்கு 16 பேர்தான். அதில் இரண்டு பேருக்கு நோய் திரும்பினாலே கதை மாறிவிடும்.

இப்படித்தான் பெண்கள் நஷ்டப்பட்டார்கள். பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று பார்த்த கனடா சோதனை 1978இல் வெளியானது. 585 பேரில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்களுக்குப் பலன் தெரிந்தது, பெண்களுக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1980இல் ஆண்களுக்கு மட்டும் இதற்கு அனுமதி கிடைத்தது. பெண்களைச் சேர்க்க 1998 ஆனது. இடையில் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் இரு பாலாருக்கும் பலன் உண்டு என்று தெரிந்திருந்தது. ‘ஆண்களிடம் தெரிந்தது, பெண்களிடம் தெரியவில்லை’ என்பதற்கு ‘இருவருக்கும் வித்தியாசம் உண்டு’ என்று பொருளில்லை. அந்த வித்தியாசத்தையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். அதற்கு ஆட்கள் ஏராளமாக வேண்டும்: மருந்தின் மொத்தப் பலன் எவ்வளவோ அதே அளவு வித்தியாசத்தை இரு சம பாதிகளுக்கிடையே கண்டுபிடிக்க, சுமார் நான்கு மடங்கு.

சரி, எந்தக் குழுவைப் பார்ப்போம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால் தப்பிக்கலாமா? பெருமளவு, ஆனால் முழுசாக இல்லை. தீவிர இதயச் செயலிழப்பில் அம்லோடிபின் மாத்திரையைச் சோதித்த பிரெய்ஸ் ஆய்வு (1996) நோயாளிகளை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவைத்திருந்தது. இதய ரத்தக்குழாய் அடைப்பு காரணமாக இல்லாதவர்களிடம் மரணம் கிட்டத்தட்டப் பாதியானது. நல்லவேளை, யாரும் அதோடு நிற்கவில்லை. அந்த வகை நோயாளிகளாகவே 1,650க்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடி சோதித்தார்கள். பலன் காணாமல் போயிருந்தது.

மறுபடி சோதித்ததில் கைகொடுத்த துணைக்குழுவும் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப், முதலில் வந்த பெரிய சோதனைகளில் மொத்தமாகத் தோற்றது. ஆசியர்களிடமும் புகைக்காதவர்களிடமும் மட்டும் ஏதோ பலன் தெரிந்தது. அத்தகையவர்களை வைத்தே ஆசியாவில் நடத்திய ஐபாஸ் சோதனை 2009இல் விஷயத்தை உடைத்தது. இனமும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை, கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் இருக்கிறதா என்பதே விஷயம். இருந்தவர்களுக்கு மாத்திரை கீமோவைவிட நன்றாக வேலை செய்தது, இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல். இன்று சென்னையில் அந்த வகைப் புற்றுநோய் முற்றிய நிலையில் வருகிறவருக்கு, மாத்திரைச் சீட்டு எழுதும் முன் கட்டியின் துணுக்கு மரபணுப் பரிசோதனைக்குப் போகிறது.