அலைக்கற்றையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

உலக அலைக்கற்றை அட்டவணையில் ‘ராணுவம்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யு.) வானொலி விதிமுறைகள் 275 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒன்றோ பலவோ வேலைகளுக்கு ஒதுக்குகின்றன: தரைவழி நிலைத் தொடர்பு, நகரும் தொடர்பு, ராடார், வழிகாட்டல், செயற்கைக்கோள், வானியல் என்று. அந்த வேலையைப் பட்டாளம் செய்கிறதா, தனியார் நிறுவனம் செய்கிறதா என்பதை அந்தந்த நாடு முடிவு செய்துகொள்ளும். ராணுவ நிலையங்கள் விஷயத்தில் நாடுகளுக்கு முழுச் சுதந்திரம் உண்டு என்று ஒன்றியத்தின் சாசனத்தில் 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆபத்து அழைப்பு விதிகளையும் குறுக்கீட்டுத் தடுப்பையும் இயன்றவரை மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

ஒரே பட்டையில் இரண்டு, மூன்று சேவைகள் இருப்பது சகஜம். அப்போது படிநிலைதான் பேசும். அட்டவணையின் ஆங்கிலப் பதிப்பில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது முதன்மைச் சேவை, சிறிய எழுத்தில் இருப்பது இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையில் இருப்பவர் முதன்மையானவருக்கு இடைஞ்சல் தரக்கூடாது. அவரால் தனக்கு இடைஞ்சல் வந்தால் புகார் செய்யவும் முடியாது. முதன்மையானவர் பத்து ஆண்டு கழித்து வந்து சேர்ந்தாலும் இதுதான் விதி. ஆகவே இந்த அட்டவணையை நிலப் பட்டாவாகப் படித்தால் தப்பாகிவிடும். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வரிசையாகவே அதைப் படிக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தப் பட்டை என்பதில் இயற்பியலுக்கே முதல் வாக்கு. நேட்டோ நாடுகளின் போர் விமானங்கள் 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுகின்றன. 300 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1 மீட்டர். கால் அலைநீள ஆன்டெனா 25 செ.மீ.தான், விமானத்தின் முதுகில் பொருத்திவிடலாம். 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தின் வானொலித் தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 400 கி.மீ. தள்ளியிருக்கும். நீருக்குள் கிடக்கும் நீர்மூழ்கிக்கு இது உதவாது. அதற்கு 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அலைகள் வேண்டும். அவைகூட உப்புநீரில் சில பத்து மீட்டருக்குள் தேய்ந்துவிடும்.

உயிர்காக்கும் பட்டைகளில் மிகக் கண்டிப்பானது 406 முதல் 406.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள 100 கிலோஹெர்ட்ஸ். மூழ்கும் கப்பலோ விழுந்த விமானமோ தூண்டிவிடும் அவசர பீக்கன் என்ற சைகைக் கருவி இங்கேதான் செயற்கைக்கோள்களை நோக்கிக் கத்தும்: 5 வாட், அரை விநாடித் துடிப்பு, சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை. அந்த 50 விநாடியை வேண்டுமென்றே கொஞ்சம் முன்பின்னாக மாற்றுவார்கள். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் தூண்டப்பட்ட இரண்டு பீக்கன்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டே இருக்கும். துடிப்பிலேயே பீக்கனின் அடையாள எண்ணும் போகிறது. முன்பு 121.5 மெகாஹெர்ட்ஸையும் செயற்கைக்கோள்கள் கேட்டுவந்தன. அதில் அடையாளம் கிடையாது, பொய் எச்சரிக்கை குவிந்தது. 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் வந்துவிட்ட மீட்புக் குழு திசை பிடிப்பதற்காக இன்றும் பல பீக்கன்கள் 121.5இல் மெல்லியதாக ஒலிபரப்புகின்றன.

ஒதுக்கீடு சரியாக இருந்தும் தரையில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. ஒரே கோபுரத்தில் 155.8, 156.3 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் உரிமம் பெற்றவை, சுத்தமானவை. கோபுரத்தில் துருப்பிடித்த ஓர் இணைப்பு, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு போல நடந்துகொண்டு இரண்டையும் கலக்கும். 156.3ஐ இரட்டித்து 155.8ஐக் கழித்தால் 156.8. அது கடல்சார் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனல்! யாருமே அனுப்பாத அலை அங்கே உட்கார்ந்திருக்கும். இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே கலப்பு நடந்தால், அதன் வாயில் ஐசொலேட்டரும் (அலையை ஒரு திசையில் மட்டும் விடுவது) கேவிட்டி ஃபில்டரும் (தன் அதிர்வெண்ணை மட்டும் விடும் வடிகட்டி) போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஒன்றின் அதிர்வெண்ணை மாற்றுவதே வழி.

வழிவிடும் வேலையை இப்போது கருவிகளிடமே ஒப்படைக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பல சேனல்களில் ராடார்கள் முதன்மையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் சேனலில் இறங்குமுன் ரூட்டர் 60 விநாடி வெறுமனே காது கொடுத்துக் கேட்க வேண்டும். வானிலை ராடார்கள் உள்ள 5600 – 5650 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பிய விதி 10 நிமிடம் கேட்கச் சொல்கிறது. ராடார் துடிப்பு பட்டால் 10 விநாடிக்குள் விலகி, 30 நிமிடம் அந்தப் பக்கம் திரும்பக்கூடாது. வேகத்துக்காக இந்தச் சோதனையை அணைத்துவிடுபவர்கள் உண்டு. அப்போது வானிலைப் படத்தில் அந்த ரூட்டர் இருக்கும் திசையில், மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு கோடு விழும். அந்தத் திசையில் மழை பெய்கிறதா என்று வானிலையாளரால் சொல்ல முடியாது. இதைச் சின்ன மீறல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

செயற்கைக்கோள்களில் வரிசை வேறு மாதிரி. முதலில் விண்ணப்பம் போட்டு, மற்ற நாடுகளுடன் ஒருங்கிணைப்பை முடிப்பவருக்கு உரிமை. காகிதத்தில் மட்டும் செயற்கைக்கோள் வைத்திருப்பவர்களைத் தடுக்க, 7 ஆண்டுக்குள் பயன்பாட்டைத் தொடங்கியாக வேண்டும். கூட்டமாகப் பறக்கும் தாழ்சுற்றுக் கோள்களுக்கு ஐ.டி.யு.வின் 2019 உலக வானொலி மாநாடு மேலும் படி வைத்தது: அந்த 7 ஆண்டு முடிந்து 2 ஆண்டுக்குள் 10 சதவீதம், 5 ஆண்டுக்குள் 50 சதவீதம், 7 ஆண்டுக்குள் முழுவதும் ஏவியிருக்க வேண்டும். பல பட்டைகளில் தாழ்சுற்றுக் கோள்கள், தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கும் புவிநிலைக் கோள்களுக்கு வழிவிட வேண்டும். தரை ஆன்டெனாவிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் வந்தால், இணைப்பை வேறு கோளுக்கு மாற்றுவது ஒரு முறை.

என் பார்வையில் இன்றைய பெரிய ஓட்டை ரிசீவர்களில் இருக்கிறது. அட்டவணை, அனுப்புபவரைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கேட்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் 4.2 – 4.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்காவில் 2022 ஜனவரியில் தொடங்கிய 5ஜி சேவைக்கான பட்டை 3.98இலேயே முடிகிறது. நடுவில் 220 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. ஆனாலும் பழைய ஆல்டிமீட்டர்களின் ஃபில்டர் அகலமானது, தனக்குச் சம்பந்தமில்லாத பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் உள்ளே விட்டுவிடும். தரையிறங்கும் நேரத்தில் உயரம் தப்பாகிவிடுமோ என்று விமான நிலையங்களைச் சுற்றி டவர்களை அடக்கி வைத்தார்கள். விமான நிறுவனங்கள் ஃபில்டர் பொருத்தவும், தாங்காத ஆல்டிமீட்டர்களை மாற்றவும் வேண்டியிருந்தது. அதற்கு 2024 பிப்ரவரிவரை கெடு கொடுத்தார்கள். பட்டையைப் பிரிக்கும்போதே, பக்கத்துப் பட்டையில் எவ்வளவு சத்தத்தை ரிசீவர் தாங்க வேண்டும் என்றும் எழுதிவைத்திருந்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.