நிறத்தைக் காணாதவர் நிறத்தை அறிவது எப்படி?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நியூட்டன் முன்பு வகித்த லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவி 1711-இல் நிக்கலஸ் சாண்டர்சன் என்பவருக்குக் கிடைத்தது. ஒரு வயதில் வந்த பெரியம்மையால் பார்வையை இழந்த அவர், அங்கே நடத்திய பாடங்களில் ஒளியியலும் ஒன்று. ஒளியின் இயல்பையும் நிறங்களையும் வானவில் தோன்றும் விதத்தையும் அவர் கண்ணுள்ள மாணவர்களுக்கு விளக்கினார். இதை விந்தை என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் முப்பட்டகத்தின் வழியே செல்லும் ஒளியில் சிவப்பு குறைவாகவும் ஊதா மிகுதியாகவும் விலகுகிறது என்பது கோணங்களைப் பற்றிய செய்தி. மழைத்துளிக்குள் நுழைந்த ஒளி எங்கே திரும்பி எந்தத் திசையில் வெளியேறுகிறது என்பது வடிவியல். இவற்றில் எதுவும் சாண்டர்சனுக்கு எட்டாததன்று. எட்டாமல் போனது, சிவப்பைக் காணும்போது அது எப்படி இருக்கிறது என்னும் அனுபவம் மட்டுமே. நிறம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதற்குள் அனுபவமும் அறிவும் ஒட்டிக்கிடக்கின்றன. பார்வையற்றோரை ஆராயும்போதுதான் அவை இரண்டும் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன.

அனுபவம் கண்ணில் தொடங்குகிறது. விழித்திரையில் ஏறத்தாழ 60 லட்சம் கூம்புச் செல்கள் உள்ளன. அவை மூன்று வகைப்படும். சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியில் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு பகுதிக்கு மிகுதியாகக் கிளர்ச்சியடைகிறது. தனித்த ஒரு கூம்புச் செல்லுக்கு நிறம் தெரியாது, ஒளி எவ்வளவு வந்தது என்பதே தெரியும். மூன்று வகைகளின் கிளர்ச்சியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட பிறகே மஞ்சள், நீலம் என்னும் வேறுபாடு உருவாகிறது. அந்த ஒப்பீடு விழித்திரையிலேயே தொடங்கி, பார்வை நரம்பின் வழியாகச் சென்று, மூளையின் பின்பகுதியான பிடரி மடலில் நிறைவு பெறுகிறது. இந்த நெடிய பாதையில் எந்த இடத்திலும் பழுது நேரலாம் என்பதால், பார்வையற்றோர் என்போர் ஒரே வகையினர் அல்லர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஒளியையோ அசைவையோ மங்கலான நிறத்தையோ உணரும் திறன் ஓரளவு மிஞ்சியிருக்கும். ஒளியே எட்டாதவர்கள் சிறுபான்மையினர். அவர்களிலும் பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் இன்னும் குறைவு.

அந்தச் சிறுபான்மையினர் எப்போதும் கருமையைக் காண்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கருமையும் பார்வையின் விளைவே என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். அணைத்து வைத்த தொலைக்காட்சித் திரையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அது சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். அதே திரையில் படம் ஓடும்போது ஒரு கறுப்பு உடை அட்டைக்கரியாகத் தெரிவதற்குக் காரணம், அதைச் சுற்றியுள்ள வெளிச்சம். ஒப்பிட வெளிச்சம் இல்லாத இடத்தில் கருமையும் இல்லை. இதை ஓரளவு நாமே சோதித்துப் பார்க்கலாம். இரு கண்களையும் மூடினால் இருட்டு தெரிகிறது. ஒரு கண்ணைத் திறந்து, மூடியிருக்கும் மற்றக் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கவனித்தால், பார்வைப் பரப்பின் பாதியைக் கருமை மறைத்திருப்பதாகப் பெரும்பாலும் தோன்றாது. அந்தக் கண்ணிடமிருந்து செய்தியே வராததுபோல் இருக்கும். நம் பிடரிக்குப் பின்னால் உள்ள சுவர் நமக்கு இருட்டாகத் தெரிவதில்லை, தெரிவதே இல்லை. பிறவியிலேயே ஒளியறியாதவரின் நிலைக்குப் பார்வையுள்ளவர் நெருங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ இதுதான்.

அப்படியானால் அவர் சிவப்பு என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்? செந்நிறம் என்றால் என்னவென்று தமக்கு விளங்கிவிட்டது, அது எக்காளத்தின் ஓசை போன்றது என்று கூறிய பார்வையற்றவர் ஒருவரைப் பற்றி, 17-ஆம் நூற்றாண்டின் மெய்யியலாளர் ஜான் லாக் எழுதியிருக்கிறார். பார்வையற்றோருக்கு நிறம் விளங்கவே விளங்காது என்று காட்டவே லாக் அந்தக் கதையைச் சொன்னார். பதினொரு வயதில் தாமே பார்வையை இழந்த உளவியலாளர் தாமஸ் கட்ஸ்ஃபோர்த், பார்வையற்ற குழந்தைகள் நிறச்சொற்களைப் பயன்படுத்துவதைப் பொருளற்ற வெற்றுச் சொல்லாடல் என்று 1932-இல் குறை கூறினார். இருவரின் முடிவும் அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து. சொல்லின் பொருள் புலனிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்குத் தமிழே போதிய சான்று. பச்சைக் காய், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய் என்னும் தொடர்களில் பழுக்காமை, இளமை, கலப்பின்மை ஆகிய பொருள்கள் இருக்கின்றன. இவற்றை விளங்கிக்கொள்ளக் கூம்புச் செல் தேவையில்லை. பார் என்னும் வினையும் கண்ணோடு நின்றுவிடவில்லை: தொட்டுப் பார்க்கிறோம், கேட்டுப் பார்க்கிறோம், நினைத்துப் பார்க்கிறோம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ரோஜர் ஷெப்பர்டும் லின் கூப்பரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், நிறங்களை இரண்டிரண்டாகக் கொடுத்து அவை எந்த அளவுக்கு ஒத்தவை என்று மதிப்பிடச் சொன்னார்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குறைபாடு உடையவர்கள், நிறத் துண்டுகளைக் கண்டு மதிப்பிட்டபோது தடுமாறினார்கள். பெயர்களை மட்டும் கேட்டு மதிப்பிட்டபோதோ ஏனையோரைப் போலவே நிறங்களை வட்டமாக வரிசைப்படுத்தினார்கள். ஆரஞ்சு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டது என்பதை அவர்களுடைய கண் சொல்லவில்லை, மொழி சொல்லியிருந்தது.

ஆனால் மொழி எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரீனா பெட்னியின் குழுவினர் 2019-இல், விலங்குகளின் தோற்றத்தைப் பற்றிப் பிறவியிலேயே பார்வையற்றவர்களையும் பார்வையுள்ளவர்களையும் கேட்டறிந்தனர். உருவளவிலும் வடிவத்திலும் இரு தரப்பினரின் விடைகள் நன்கு பொருந்தின. நிறத்தில்தான் மிகுதியாக விலகின. வாய்ச்சொல்லால் மிக எளிதாகக் கற்பிக்கக்கூடியது நிறம் என்பதால் இந்த விலகல் வியப்புக்குரியது. பார்வையற்றவர்கள் பிறர் சொன்னதை மனப்பாடமாக ஒப்பிக்காமல், விலங்கின் இனம், வாழிடம் போன்ற தெரிந்த செய்திகளிலிருந்து தெரியாததை உய்த்துணர்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதினர். இதே குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஒரே இனக் கனிகள் இரண்டு ஒரே நிறத்தில் இருக்க வாய்ப்பு மிகுதி, இரண்டு கார்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை, நிறுத்தச் சொல்லும் சாலைப் பலகைகளோ அவற்றின் பயன் கருதியே ஒரே நிறத்தில் இருக்கும் என்னும் தருக்கத்தைப் பார்வையற்றவர்கள் பார்வையுள்ளவர்களைப் போலவே கையாண்டார்கள். கற்பனைத் தீவொன்றின் பொருள்களைப் பற்றிக் கேட்டபோதும் அப்படியே. ஒரு பொருளின் நிறம் எது என்பதில் விடுபட்டுப் போகலாம். அதற்கு ஏன் அந்த நிறம் என்பது விடுபடவில்லை.

கண்ணிலிருந்து செய்தி வராத பிடரி மடல் என்ன செய்கிறது? அது சும்மா இருப்பதில்லை. இளமையிலேயே பார்வையிழந்தவர்கள் பிரெய்ல் எழுத்தை விரலால் படிக்கும்போது அவர்களுடைய பார்வைப் புறணி, அதாவது பிடரி மடலில் பார்வைக்கு உரிய மேற்பரப்பு, இயங்குவதை 1996-இல் நொரிஹிரோ சடாட்டோவின் குழுவினர் கண்டனர். அடுத்த ஆண்டு, அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் சிறிது நேரம் குழப்பியபோது அத்தகையோர் பிரெய்ல் படிப்பதில் பிழை செய்தார்கள். மிகத் தெளிவான சான்று 2000-இல் வெளியானது: பிறவியிலேயே பார்வையற்றவரும் பிரெய்லில் தேர்ந்தவருமான ஒரு பெண்மணிக்குப் பக்கவாதத்தால் இருபுறப் பிடரி மடலும் பழுதடைந்தது. புள்ளிகள் விரலில் படுவது அவருக்குத் தெரிந்தது. எழுத்தாக அவற்றைப் படிக்க மட்டும் முடியவில்லை.

பிந்திய வயதில் பார்வையை இழப்பவர்களின் நிலை வேறு. அவர்களுடைய மூளையில் நிறம் ஏற்கெனவே குடியேறிவிட்டது; ஆகவே நினைவிலும் கனவிலும் அது தொடர்கிறது. சிலருக்குக் கேளாமலேயே வரும்: மனநலம் சிறிதும் குன்றாத நிலையில், இல்லாத முகங்களும் கோலங்களும் கண்முன் தோன்றும். தம் பாட்டனாருக்கு நேர்ந்த இதை 1760-இல் விவரித்த சார்ல்ஸ் பொன்னேயின் பெயரால் இது இன்றும் வழங்குகிறது. எதிர்த்திசையில், லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசெல்டன் 1728-இல் விவரித்த சிறுவனின் கதை உண்டு. கண்புரையோடு வளர்ந்த அவனுக்கு, நல்ல வெளிச்சத்தில் கறுப்பு, வெள்ளை, செந்நிறம் ஆகியவை மங்கலாகத் தெரிந்திருந்தன. சிகிச்சைக்குப் பின் அதே நிறங்களைக் கண்டபோது அவை தான் அறிந்தவைதான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பூனையைத் தடவி அறிந்திருந்தும் கண்ணால் அடையாளம் காண முடியாமல், அதைப் பிடித்துத் தடவியபடியே உற்றுப் பார்த்து, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்றான்.

ஒளிக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பார்வையோடு முடிவதுமில்லை. விழித்திரையில் கூம்புகளும் மங்கலான ஒளியை உணரும் கோல் செல்களும் தவிர, மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட நரம்புச் செல்கள் சிறிதளவில் உள்ளன. சுமார் 480 நானோமீட்டர் ஒளிக்கு மிகுதியாகத் துலங்கும் இவை, உடலின் இரவு பகல் கடிகாரத்தைச் சரிப்படுத்துகின்றன. கூம்பும் கோலும் அழிந்துபோய் இவை மட்டும் எஞ்சியிருந்த 87 வயதுப் பெண்மணி ஒருவரை 2007-இல் வெளியான ஆய்வொன்றில் சோதித்தார்கள். வெவ்வேறு அலைநீளங்களில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று கேட்டபோது, ஏனைய ஒளிகளில் அவர் சொன்னது வெறும் ஊகமாகவே இருந்தது. 481 நானோமீட்டர் ஒளியில் மட்டும், அதாவது பார்வையுள்ளவர் நீலம் என்று சொல்லும் ஒளியில் மட்டும், விளக்கு எப்போது எரிந்தது என்பதை அவர் சரியாகச் சொன்னார்.