எலோப்மென்ட் – உடன்போக்கு: சொல் விளக்கம்

‘எலோப்’ என்ற வினைக்கு ஆங்கில–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் ‘காதலனோடு ஓடிப்போ’ என்றுதான் பொருள் தருகின்றன. அதை நம்பி இன்றைய அமெரிக்கத் திருமண விளம்பரத்தைப் படிப்பவர் குழம்பிப்போவார். மாதக்கணக்கில் முன்னதாக நாள் குறித்து, அரசிடம் அனுமதி வாங்கி, புகைப்படக்காரருக்கு முன்பணம் கட்டி, அப்பா அம்மாவிடமும் சொல்லிவிட்டு யாராவது ஓடிப்போவார்களா?

அமெரிக்காவில் இன்று எலோப்மென்ட் என்றால் மண்டபமும் விருந்தும் உறவினர் கூட்டமும் இல்லாமல், மணமக்கள் தமக்குப் பிடித்த ஓரிடத்துக்குப் போய்ச் சட்டப்படி மணந்துகொள்வது. இருவர் மட்டும் போகலாம். பத்துப் பேர் உடன்வரலாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் ‘மைக்ரோ வெட்டிங்’ என்று வேறு பெயர் சொல்கிறார்கள். அந்த எல்லை வியாபாரிகள் போட்டது, சட்டத்தில் கிடையாது.

சொல் வந்த வழி

இது நீதிமன்றத்தில் பிறந்த சொல். இங்கிலாந்தின் வழக்குமன்றங்களில் வழங்கிய நார்மன் பிரெஞ்சில் ‘அலோப்பே’ என்றொரு வினை இருந்தது. ‘ஓடு’ என்று பொருள்படும் ஜெர்மானிய வேரோடு அதை இணைப்பார்கள். டச்சு மொழியின் ‘லோப்பென்’ அந்த இனத்துச் சொல். அன்று அது காதலர்களைக் குறிக்கவில்லை. கணவனை விட்டு வேறொருவனோடு போன மனைவியைக் குறித்தது. 1285ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி, அப்படிப் போனவள் கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் தனக்கு உரிய கைம்பெண் பங்கை இழப்பாள். கணவன் மன்னித்துச் சேர்த்துக்கொண்டால் பங்கு திரும்பக் கிடைக்கும். ஆக, இது முதலில் ஒரு சொத்துத் தகராற்றுச் சொல்.

மணமாகாத காதலரை இச்சொல்லோடு இறுகக் கட்டியது 1753இன் ஹார்ட்விக் திருமணச் சட்டம். இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் கட்டாயமானது. ஸ்காட்லாந்தில் அந்தக் கட்டாயம் இல்லை. சாட்சிகள் முன் ‘இவரை மணக்கிறேன்’ என்று இருவரும் சொன்னால் போதும். எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமத்துக்குக் குதிரைவண்டிகள் பறந்தன. கொல்லர் பட்டறையின் பட்டடைக்கல் மணமேடை ஆனது. 1856இல் மணமக்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1940இல் அந்த வாய்மொழி மணமுறையே ஒழிந்தது. ஓட்டமும் ஒளிவும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது இந்தக் காலத்தில்தான். ஓட வேண்டிய தேவை பிற்காலத்தில் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

ஜோஷுவா ட்ரீயில் எப்படி நடக்கிறது

இன்றைய பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு, தெற்குக் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. 1936இல் தேசிய நினைவுப் பகுதியாகி 1994இல் தேசியப் பூங்காவானது. மொஹாவி, கொலராடோ என்னும் இரு பாலைவனங்கள் சந்திக்கும் இடம். பூங்காவுக்குப் பெயர் தந்த மரம் கற்றாழைக்கு உறவான ஒரு யூக்கா. படத்தில் நன்றாக விழும். ஆனால் அதில் விளக்குச்சரம் கட்டுவதோ, துணி தொங்கவிடுவதோ, சாய்ந்து நிற்பதோ கூடாது.

ஏற்பாட்டில் இரண்டு காகிதங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றென நினைப்பதால்தான் பெரும்பாலான சிக்கல் வருகிறது. பூங்கா தருவது இடத்துக்கான அனுமதி. மாவட்ட எழுத்தர் அலுவலகம் தருவது திருமண உரிமம். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால், படம் இருக்கும் மணம் இருக்காது, அல்லது மணம் இருக்கும் அபராதமும் இருக்கும்.

பூங்கா அனுமதிக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். சடங்கை நினைத்த பாறையின் மேல் நடத்த முடியாது. ஹிடன் வேலி, கேப் ராக், குவெய்ல் ஸ்பிரிங்ஸ், இந்தியன் கோவ் போன்ற குறிப்பிட்ட இடங்களில்தான் விடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஆள் வரம்பு உண்டு. அனுமதி கையில் இருப்பதால் இடம் உங்களுடையது ஆகிவிடாது. நீங்கள் மோதிரம் மாற்றும்போது பின்னால் ஒரு குடும்பம் சாண்ட்விச் தின்றுகொண்டிருக்கலாம். அவர்களை நகரச் சொல்ல உரிமை இல்லை. வார இறுதியில் ஹிடன் வேலியில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. ஆகவே வாரநாள், காலை வெயில் ஏறுமுன் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அட்சதை தூவும் வழக்கமுள்ள நமக்கு ஒரு குறிப்பு: அரிசி, தானியம், பூவிதழ், வண்ணக் காகிதத்துணுக்கு எதையும் தூவக் கூடாது. அது அந்த மண்ணின் விலங்குகளுக்கு உணவல்ல, வெளிவிதையும் வந்து சேரும். பலூனும் கூடாது; பாலைவன ஆமை அதைத் தின்றுவிடும். டிரோன் எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை.

உரிமம் வாங்கப் பொதுவாக இருவரும் ஒன்றாக, படமுள்ள அடையாளச் சான்றோடு நேரில் போக வேண்டும். கலிபோர்னியாவில் காத்திருப்புக் காலம் இல்லை. உரிமம் 90 நாள் செல்லும். பூங்கா ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ என்னும் இரு மாவட்டங்களில் கிடக்கிறது என்று பலர் கவலைப்படுவதுண்டு. பொது உரிமத்தை மாநிலத்தின் எந்த மாவட்டத்தில் வாங்கினாலும் எங்கும் செல்லும். அதற்குச் சாட்சி ஒருவராவது கையொப்பமிட வேண்டும். நடத்திவைப்பவரும் வேண்டும். நடைமுறையில் புகைப்படக்காரரே சாட்சி ஆகிவிடுவார். மணமக்களோடு சேர்த்து நான்கே பேர். ஏற்கெனவே சேர்ந்து வாழ்பவர்கள் ‘இரகசிய உரிமம்’ பெற்றால் சாட்சியும் தேவையில்லை.

மணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளப்போகும் பெயரை உரிமத்திலேயே எழுத வேண்டும். ‘பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விட்டால் நீதிமன்றம் வரை அலைய நேரும். அடித்தல் திருத்தல் இருந்தால் படிவத்தை ஏற்கமாட்டார்கள். கையொப்பமிட்ட உரிமத்தை நடத்திவைத்தவர் 10 நாளுக்குள் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நண்பர் ஒருவரை நடத்திவைக்கச் சொன்னால் சொதப்புவது இங்கேதான்: உறை அவர் கார்ப் பெட்டியிலேயே கிடக்கும்.

தண்ணீர் பூங்காவின் ஓரங்களில் மட்டுமே கிடைக்கும், உள்ளே கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துப்போக வேண்டும். செல்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் இல்லை; சந்திக்கும் இடத்தைப் புறப்படும் முன்பே பேசிவிட வேண்டும். கோடையில் 38 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டும். மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரும் ஏற்ற மாதங்கள்.

தமிழில் என்ன சொல்வது?

‘ஓடிப்போதல்’ வேர்ச்சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது, ஆனால் பயன்படாது. அதில் ஒளிவும் பழியும் இருக்கிறது, பழி முழுக்கப் பெண் தலையில். ‘ஓடுகாலி’ என்று ஆணை யாரும் ஏசிக் கேட்டதில்லை. ‘களவு மணம்’ மறைவைச் சொல்கிறது, பயணத்தைச் சொல்லவில்லை. ‘பதிவுத் திருமணம்’ அலுவலகத்தைச் சொல்கிறது.

பொருந்துவது ‘உடன்போக்கு’. அகப்பொருள் இலக்கணத்தில், தலைவி தன் வீட்டார் அறியாமல் தலைவனோடு புறப்பட்டுப் போவது. தொல்காப்பியம் இதையே ‘கொண்டுதலைக்கழிதல்’ என்கிறது. இதற்குரிய திணை பாலை என்பது தற்செயலாக இங்கே கைகொடுக்கிறது. ஆனால் சங்கப் பாலை மணற்காடு அல்ல. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் காய்ந்து பெறும் வடிவம் அது. வழிப்பறி செய்யும் ஆறலைக் கள்வரும் வற்றிய சுனையும் உள்ள வழி. யாரும் அங்கே அழகுக்காகப் போகவில்லை, கடந்துபோகத்தான் போனார்கள். ஆகவே ஜோஷுவா ட்ரீயை ‘பாலைத் திணை’ என்று எழுதாமல் ‘பாலைவனம்’ என்றே எழுதலாம்.

குறுந்தொகை 7ஆம் பாட்டில் சுரவழியில், அதாவது வறண்ட பாலை வழியில், போகும் ஓர் இணையை எதிர்வருவோர் பார்க்கிறார்கள். அவன் காலில் கழல்; ‘தொடியோள் மெல்லடி மேலவும் சிலம்பே’. திருமணத்துக்கு முன் பெண்ணின் சிலம்பைக் கழற்றும் சடங்கு அன்று உண்டு. சிலம்பு இன்னும் காலில் இருப்பதால், மணமாகாமல் புறப்பட்டவள் என்று பார்த்தவருக்குப் புரிகிறது. ‘யார்கொல், அளியர் தாமே’ என்று இரங்குகிறார்கள், ஏசவில்லை.

இச்சொல்லைத் தேர்வதற்கு வலுவான காரணம் தொல்காப்பியக் கற்பியலில் இருக்கிறது. கொடுப்பதற்கு உரியவர் கொடுக்க, கரணத்தோடு கொள்வதே கற்பு, அதாவது மணவாழ்க்கை, என்று முதல் நூற்பா விதிக்கிறது. அடுத்ததே விலக்கு:

‘கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே
புணர்ந்துடன் போகிய காலை யான.’

கரணம் என்பது மணச் சடங்கு. கொடுப்பவர் இல்லாமல் போகலாம், கரணம் இல்லாமல் போகாது. உரிமமும் நடத்திவைப்பவரும் சாட்சியும் இருக்க, கைபிடித்துக் கொடுக்கும் தந்தை மட்டும் இல்லாத இன்றைய எலோப்மென்ட்டின் அமைப்பும் இதுதான்.

பின்னர் ஊரில் வைக்கும் வரவேற்புக்குக்கூடச் சங்க இலக்கியத்தில் இணை உண்டு. ஐங்குறுநூற்றில் உடன்போனவர் திரும்புவதைப் பாடும் ‘மறுதரவுப் பத்து’ இருக்கிறது. அதில் 399ஆம் பாட்டில் பெண்ணின் தாய் கேட்பது: சிலம்பு கழற்றுவதை உங்கள் வீட்டில் செய்தாலும், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் வைக்கக்கூடாதா என்று அவன் தாயிடம் சொன்னால் என்ன?

எழுதும்போது, திட்டமிட்ட சிறு மணத்துக்கு ‘உடன்போக்கு மணம்’ என்றும், வினையாக ‘உடன்போய் மணந்தனர்’ என்றும் வைக்கலாம். எதிர்ப்புக்கு அஞ்சிப் போன இணையைப் பற்றிய செய்தியில் ‘வீட்டைவிட்டு வெளியேறி மணந்தனர்’ என்பது தெளிவு. ‘கடத்தல்’ குற்றப்பெயர், இருவரும் விரும்பிப் போன இடத்தில் அதை எழுதக் கூடாது.

மருத்துவமனைத் தாளிலும் எலோப்மென்ட் வரும். அங்கே அது, மறதிநோய் உள்ளவரோ மனநல நோயாளியோ யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிடுவதைக் குறிக்கும். எண்பது வயதுத் தாத்தாவின் கோப்பில் ‘உடன்போக்கு அபாயம்’ என்று பெயர்த்துவிடாமல் ‘சொல்லாமல் வெளியேறும் அபாயம்’ என்று எழுத வேண்டும்.