சென்சார்ல லைட் எரியுது, கன்ட்ரோலருக்கு ஏன் தெரியல?

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டர் கட்டளைல மரத்துல டிசைன் செதுக்குற சிஎன்சி ரூட்டர் ஒண்ணு ரெண்டு நாளா ஹோம் எடுக்காம, அதாவது தன்னோட தொடக்கப் புள்ளியக் கண்டுபிடிக்க முடியாம நிக்குது. அந்தப் புள்ளியில இரும்பு கிட்ட வந்தா தொடாமலே சொல்ற பழைய ப்ராக்ஸிமிட்டி சென்சார் அடிபட்டு ஒடஞ்சிருச்சுனு புதுசு வாங்கி மாட்டியிருக்காங்க, சென்சார் முனையில ஸ்பேனரை வெச்சா பின்னாடி சிவப்பு லைட் பளிச்சுனு எரியுது, ஆனா கன்ட்ரோலர் ஸ்கிரீன்ல எக்ஸ் ஹோம் இன்புட் மட்டும் அசையவே மாட்டேங்குது. மூணு சென்சார் மாத்திப் பாத்துட்டாங்க. நான் போய் சேந்தப்ப போர்டே போச்சு, புதுசு ஆர்டர் பண்ணிடலாம்னு பேச்சு ஓடிட்டு இருந்துச்சு. சென்சார் நல்லாத்தான் இருந்துச்சு, போர்டும் நல்லாத்தான் இருந்துச்சு. கரண்ட் ஒரு சுத்து சுத்தி வர்றதுக்கு வழி இல்ல, அவ்ளோதான் விஷயம்.

இன்புட் டெர்மினலுக்குப் பின்னாடி என்ன இருக்குனு ஒரு தடவை மனசுல படம் போட்டுக்கிட்டா இந்த மாதிரி தவிப்பு பாதி கொறஞ்சிரும். அங்க ஒரு ரெசிஸ்டர், அதுக்கு அடுத்து ஒரு சின்ன கறுப்பு ஐசி, பேரு ஆப்டோகப்ளர். அந்த ஐசிக்குள்ள ஒரு குட்டி எல்இடி, அதுக்கு எதிர்த்தாப்ல வெளிச்சம் பட்டா ஆன் ஆகுற ஒரு டிரான்சிஸ்டர். ரெண்டுக்கும் நடுவுல ஒயர் கனெக்‌ஷனே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான் தாண்டிப் போகும், அதனாலதான் வெளிய 24 வோல்ட் ஒயர்ல ஏதாவது கோளாறு ஆனாலும் உள்ள இருக்கற பிராசசர் தப்பிக்குது. ரெசிஸ்டர் 3.3 கிலோ ஓம்னு வெச்சா 24 வோல்ட்டுக்கு சுமார் 7 மில்லிஆம்பியர் ஓடும். அந்த எல்இடி எரிஞ்சா ஆன், எரியலேன்னா ஆஃப். கன்ட்ரோலருக்கு வெளி உலகம் தெரியறதே அந்த ஒரு பொட்டு வெளிச்சத்துலதான்.

எல்இடிக்கு ரெண்டு கால் இருக்குல்ல. ஒரு கால் ரெசிஸ்டர் வழியா இன்புட் டெர்மினலுக்கு வருது. இன்னொரு கால் காமன்னு எழுதியிருக்கற டெர்மினலுக்கு வருது, எட்டு இன்புட்டுக்கும் சேத்து பெரும்பாலும் ஒரே காமன். நிறைய பேர் இந்த காமன் டெர்மினலை கண்டுக்கறதே இல்ல. ஆனா மொத்த கதையும் அந்த ஒரு ஸ்க்ரூலதான் இருக்கு.

இப்ப சென்சார் பக்கம் வருவோம். இந்த ப்ராக்ஸிமிட்டி சென்சார் இண்டக்டிவ் வகை, முனையில ஒரு காயில் இருக்கு, அதுல ஒரு ஆசிலேட்டர், அதாவது மின் அலை உண்டாக்குற சர்க்யூட், ஓடிட்டே இருக்கும். இரும்பு கிட்ட வந்தா அந்த இரும்புக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆசிலேட்டரோட சக்திய உறிஞ்சிரும், அலை சுருங்கும், உள்ள இருக்கற சர்க்யூட் அதைக் கவனிச்சு அவுட்புட் டிரான்சிஸ்டரை தட்டிவிடும். தொடாமலே இரும்பைக் கண்டுபிடிக்கற இந்த சென்சாரை 1958ல ஜெர்மனில பெப்பர்ல் ஃபுக்ஸ் கம்பெனி கொண்டு வந்துச்சு, அன்னைக்கு இருந்த அதே அடிப்படைதான் இன்னைக்கும். பாடி மட்டத்துக்கு உள்ளடங்கி மாட்டுற சாதா எம்12 சைஸ்னா இரும்பை 2 மிமீ தூரத்துல பாக்கும், அலுமினியம்னா அந்த தூரம் பாதிக்கும் கீழ போயிரும், அதனால அலுமினியம் பிராக்கெட்டை சென்சார் முன்னாடி ஓட விடறவங்க அதுல ஒரு இரும்பு ஸ்க்ரூ போட்டுக்கறது நல்லது.

மூணு ஒயர் வரும். பிரவுன் 24 வோல்ட், நீலம் ஜீரோ வோல்ட், கறுப்பு சிக்னல். வீட்டு ஒயரிங் பழகின கை கறுப்பை நியூட்ரல்னு நினைக்கும், இங்க அப்படி இல்ல, கவனம்.

கறுப்பு ஒயர் என்ன பண்ணும்ங்கறதுலதான் ரெண்டு ஜாதி. பிஎன்பி சென்சார் இரும்பைப் பாத்தா கறுப்பை உள்ளுக்குள்ள பிரவுனோட சேத்துவிடும், அதாவது 24 வோல்ட்டை வெளிய குடுக்கும். என்பிஎன் சென்சார் கறுப்பை நீலத்தோட சேத்துவிடும், அதாவது வர்ற கரண்ட்டை வாங்கி ஜீரோவுக்கு எறக்கிவிடும். குடுக்கறவன் ஒருத்தன், வாங்கறவன் ஒருத்தன். அப்ப பிஎன்பிக்கு இன்புட்டோட காமன் ஜீரோ வோல்ட்ல இருக்கணும், குடுத்த கரண்ட் எல்இடி வழியா கீழ எறங்க. என்பிஎன்க்கு காமன் 24 வோல்ட்ல இருக்கணும், கரண்ட் அங்க புறப்பட்டு எல்இடியைத் தாண்டி சென்சாருக்குள்ள எறங்க.

அந்த ஒர்க்‌ஷாப்ல நடந்ததை இப்ப பாருங்க. காமன் ஜீரோல இருந்துச்சு. பழசு பிஎன்பி, புதுசா வாங்கின மூணும் என்பிஎன். இரும்பு வந்ததும் சென்சார் கறுப்பை ஜீரோவுக்கு இழுக்குது, எல்இடியோட இந்தக் கால் ஜீரோ, காமன் பக்கத்துக் காலும் ஜீரோ, ரெண்டு பக்கமும் ஒரே மட்டம், கரண்ட் எப்படி ஓடும்? சென்சாரோட சொந்த லைட் அதோட சர்க்யூட் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லுது, அந்தப் பக்கம் யாருக்காவது கேட்டுச்சாங்கறது அதுக்குத் தெரியாது. எந்தத் திசையில கரண்ட் வந்தாலும் ஏத்துக்கற இன்புட்னா காமனை 24க்கு மாத்திட்டா இது வேலை செய்யும், ஆனா அதே காமன்ல ஒய், இசட் அச்சுகளோட ரெண்டு பிஎன்பி சென்சாரும் தொங்குது, அதுங்க சிக்னல் வராம போயிரும். அதனால ஒரு பிஎன்பி வாங்கி வந்து மாட்டினோம், அஞ்சு நிமிஷ வேலை.

ஜப்பான் வழி வந்த மெஷின்கள்ல என்பிஎன் அதிகம், ஐரோப்பா மெஷின்கள்ல பிஎன்பி அதிகம், நம்ம ஊர்ல ரெண்டும் கலந்து கெடக்கு, அதனாலதான் இந்தக் குழப்பம் இங்க தினமும் நடக்குது. எனக்கு சாய்ஸ் இருந்தா பிஎன்பிதான். காரணம், பேனல்ல ஜீரோ வோல்ட்டை எர்த்தோட சேத்திருப்பாங்க, கறுப்பு ஒயர் எங்கயாவது தேஞ்சு மெஷின் பாடியில பட்டுச்சுன்னா என்பிஎன்ல அது இரும்பு வந்த மாதிரியே தெரியும், பொய்யான ஆன். பிஎன்பில அப்படி பட்டா சிக்னல் வராது, பியூஸோ சப்ளையோ கட் ஆகலாம், தப்பு தப்பாவே வெளிய வந்துரும்.

சுத்து முழுமையாகணும்ங்கற இதே கணக்குதான் ரெண்டு எஸ்எம்பிஎஸ், அதாவது 24 வோல்ட் குடுக்கற பவர் சப்ளை, வெச்சிருக்கற பேனல்லயும் வரும். சென்சாருக்கு ஒரு சப்ளை, கன்ட்ரோலருக்கு வேற சப்ளை. கறுப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா அழகா 24 காட்டும், கறுப்புக்கும் காமனுக்கும் நடுவுல வெச்சா நம்பர் அலையும், ஒரு இடத்துல நிக்காது. முதல் சப்ளைல புறப்பட்ட கரண்ட் அதே சப்ளைக்குத் திரும்பியாகணும், அதுக்கு ரெண்டு சப்ளையோட ஜீரோவையும் ஒரு ஒயர் போட்டு சேக்கணும். அதனால மீட்டரை எப்பவும் இன்புட் டெர்மினலுக்கும் காமனுக்கும் நடுவுலயே வெச்சுப் பாருங்க, எல்இடி பாக்கறதும் அதைத்தான். பொதுவா 15 வோல்ட்டுக்கு மேல இருந்தா ஆன், 5க்குக் கீழ இருந்தா ஆஃப், நடுவுல எங்கயாவது நின்னா ஏதோ ஜாயின்ட் லூஸ், இல்லேன்னா ரெண்டு ஒயர் மட்டும் உள்ள சென்சார்ல ஆஃப்லயும் கசியற லீக்கேஜ் கரண்ட் ஓடுது.

5 வோல்ட் இன்புட் உள்ள சின்ன பிரேக்அவுட் போர்டு, அதாவது கம்ப்யூட்டரையும் மெஷின் ஒயர்களையும் இணைக்கற போர்டு, வெச்சிருக்கறவங்க 24 வோல்ட் பிஎன்பி சென்சாரை நேரா அதுல குத்திடாதீங்க, இன்புட் அந்த நொடியே போயிரலாம்.

மெஷின் ஓட்டத்தோட எல்லையில நிக்குற லிமிட் சுவிட்ச் விஷயத்துல எனக்கு கறாரான கருத்து உண்டு, அது எப்பவும் நார்மலி குளோஸ்ட்தான் போடணும். சாதாரணமா எல்இடி எரிஞ்சிட்டே இருக்கும், லிமிட் தொட்டா அணையும். ஒயர் அறுந்தாலும் அணையும், கனெக்டர் கழண்டாலும் அணையும், சென்சார் சப்ளை போனாலும் அணையும், எல்லாத்துக்கும் மெஷின் நின்னுரும். நார்மலி ஓபன் போட்டா எலி கடிச்ச ஒயரும் நல்ல ஒயரும் கன்ட்ரோலருக்கு ஒண்ணுதான், கேன்ட்ரி, அதாவது மெஷினோட நகர்ற பாலம், போய் ஸ்டாப்பர்ல மோதும்போதுதான் வித்தியாசம் தெரியும். எமர்ஜென்சி பட்டனை மட்டும் இப்படி ஒரு இன்புட்டை நம்பி விடக்கூடாது, அது டிரைவோட பவரையோ எனேபிளையோ நேரா அறுக்கணும்.

கடைசியா நேரம். இன்புட்ல ஸ்பிண்டில் (வெட்டற கருவிய சுத்துற மோட்டார்) ட்ரைவோட மின் இரைச்சல் ஏறாம இருக்க ஒரு ஃபில்டர் இருக்கும், 3 மில்லிசெகண்ட்னு வெச்சுக்குவோம். ஆக்சிஸ் செகண்டுக்கு 500 மிமீ வேகத்துல வந்தா சென்சார் சொல்றதுக்கும் கன்ட்ரோலர் கேக்கறதுக்கும் நடுவுல 1.5 மிமீ ஓடிருக்கும். அதனாலதான் ஹோமிங்ல மெஷின் வேகமா வந்து தொட்டு, பின்னாடி போய், திரும்ப ஊர்ந்து வருது, 5 மிமீ வேகத்துல அதே தாமதம் 0.015 மிமீதான்.

சர்வோ மெஷின்ல அதுக்கு மேலயும் ஒரு படி இருக்கு. சென்சார் பாத்த பிறகு மோட்டார் எவ்ளோ சுத்துச்சுனு எண்ணுற என்கோடர்ல சுத்துக்கு ஒரு தடவை வர்ற இசட் பல்ஸ் எங்க வருதோ அதைத்தான் ஹோம்னு எடுத்துக்கும், ஆக்சிஸை நகத்தற பால் ஸ்க்ரூவோட பிட்ச் (ஒரு சுத்துக்கு நகர்ற தூரம்) 5 மிமீன்னா 5 மிமீக்கு ஒரு பல்ஸ். இங்க ஒரு மெஷின் என்னை ரொம்ப அலைய வெச்சது, காலைல ஹோம் சரியா இருக்கும், மத்தியானம் சூடு ஏறினதும் சரியா 5 மிமீ தள்ளி நிக்கும், சாயங்காலம் திரும்ப சரியாயிரும். சென்சார் மாறுற இடமும் இசட் பல்ஸ் வர்ற இடமும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில இருந்திருக்கு, சூட்டுல சென்சார் ஒரு மயிரிழை தள்ளிப் பாத்தா போதும், அந்த பல்ஸை விட்டுட்டு அடுத்ததைப் பிடிக்குது. சென்சார் பிராக்கெட்டை லூஸ் பண்ணி 2.5 மிமீ, அதாவது அரை சுத்து தள்ளி வெச்சு டைட் பண்ணினேன். அதுக்கப்புறம் ஹோம் நகரவே இல்ல.