பொதுச் சுவரில் ‘எங்கள் பாதி’ என்று ஒன்று கிடையாது

ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வீடுகள் இருக்கும் தெருக்களில் ஒன்று இடிபட்டு அடுக்குமாடி எழத் தொடங்கினால், கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடும்: “சார், சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது. பத்திரத்துல பாதி எங்களுக்கு. எங்க பாதியை மட்டும் செதுக்கி எடுத்துக்கலாமா?”

கூடாது. எத்தனை முறை சொன்னாலும் வேறொரு தெருவில் ஒருவர் பிரேக்கரை வைத்துச் செதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த முறை கணக்கோடு சொல்லிவிடுகிறேன்.

9 இன்ச் செங்கல் சுவர் என்பது இரண்டு நாலரை இன்ச் சுவர்களை அருகருகே நிறுத்தியது அல்ல. குறுக்கே வைத்த செங்கற்கள் இரு முகங்களையும் பிணைத்து நிற்கின்றன. ஒரு முகத்தைச் செதுக்கினால் அந்தக் கற்கள் முறியும், சாந்துப் பிடி விட்டுப்போகும். மிஞ்சும் சுவருக்குப் பாதி பலமாவது இருக்கும் என்று நினைக்கிறார்கள். வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் முப்படியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான். பக்கத்து வீட்டுச் சுமையோ கொஞ்சமும் குறையவில்லை. அவர்களுடைய உத்திரமும் மாடியும் முழுதாக அதன் மேல்தான். பல வீடுகளில் அந்த உத்திரத்தின் முனை சுவரின் நடுவைத் தாண்டி உங்கள் பக்கம் வரை வந்திருக்கும். நீங்கள் செதுக்குவது அது உட்கார்ந்திருக்கும் இடத்தையே.

முழுச் சுவரையும் விட்டுவிடுங்கள். உங்கள் பக்க உத்திரங்களைச் சுவரிலிருந்து பிடுங்காதீர்கள். முதலில் சுவரை ஒட்டி அறுத்துவிடுங்கள். உள்ளே நிற்கும் துண்டைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் குழியைச் செங்கல்லும் சாந்தும் வைத்து அன்றே அடையுங்கள். இத்தனை காலம் உட்சுவராக இருந்தது மழையைப் பார்த்ததே இல்லை. மண் சாந்தில் கட்டியதானால் ஒரு நல்ல மழை போதும், கரைந்து இறங்கிவிடும். அன்றைக்கே தார்ப்பாய், அந்த வாரமே பூச்சு.

வளைவுத் தளம் (உத்திரங்களுக்கு இடையே செங்கல்லை வளைவாக அடுக்கிக் கட்டியது) உள்ள வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டே நிற்கிறது. ஒன்றை எடுத்தால் அடுத்ததைத் தாங்க எதிர்த் தள்ளல் இல்லை. எல்லா வளைவுகளுக்கும் கீழே முட்டு கொடுத்துவிட்டுத்தான் முதல் வளைவில் கை வைக்க வேண்டும்.

இடிக்கும் வரிசை மேலிருந்து கீழ்தான். சுவரின் அடியை வெட்டிக் கயிறு போட்டு இழுப்பது வேலையே இல்லை. அது எந்தப் பக்கம் விழும் என்பது இழுப்பவர் கையில் இல்லை.

சன்ஷேடில் ஏமாறாதவர் குறைவு. அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிப்பது லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேல் குறுக்கே போடும் உத்திரத்துக்கு) மேலுள்ள சுவரின் எடை. மேல் சுவரை முதலில் எடுத்தால் சன்ஷேடு முன்பக்கமாகக் கவிழும், கீழே நிற்பவர் தலையில். முதலில் அடியில் முட்டு, அடுத்து சன்ஷேடு, அப்புறம்தான் சுவர். பால்கனிக்கும் இதே கதிதான்.

உடைத்ததை மாடியிலேயே குவிப்பது அடுத்த கொடுமை. குடியிருப்புத் தளங்களுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. செங்கல் இடிபாடு ஓர் அடி உயரம் குவிந்தால் அதுவே 350 கிலோவைத் தாண்டும். தளம் புதிதாக இருந்தாலே அது வரம்பை மீறிய சுமை. இது உளுத்த உத்திரம், துருப்பிடித்த கம்பி. குவிய விடாமல் அவ்வப்போது கீழே இறக்குங்கள்.

மின்சாரமும் எரிவாயுவும் தெருவிலேயே துண்டிக்கப்பட வேண்டும், மீட்டரில் அல்ல. இயந்திரம் உள்ளே வருவதற்கு முன் பழைய கிணறும் செப்டிக் டேங்கும் எங்கே என்று கேட்டுக் குறியிடுங்கள். மூடி மறைந்த தொட்டியின் பலகை ஒரு ஜேசிபியின் எடையைத் தாங்காது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்காதீர்கள்: நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்குங்கள். அந்த நார் தரும் நுரையீரல் நோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். செங்கல், சாந்துத் தூசிக்குக் கைக்குட்டை உதவாது, என்95 முகக்கவசம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸுக்கு அதுவும் போதாது.

பெரும்பாலும் பக்கத்து வீடு சரிவது இடிக்கும் அன்று அல்ல, அப்புறம் கடைக்கால் தோண்டும்போது. பழைய வீட்டு அஸ்திவாரம் இரண்டு மூன்று அடி ஆழம்தான் இருக்கும். அதை ஒட்டி எட்டு அடிக்கு நீளப் பள்ளம் எடுத்தால் அடியிலிருக்கும் மண் வெளியே நழுவும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, அதைக் கட்டி முடித்தபிறகே அடுத்ததைத் தொடுங்கள். மழைக்காலம் என்றால் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கு: வேலை தொடங்குமுன் எல்லாச் சுவர்களையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் இருந்தால் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, நாள்தோறும் பாருங்கள். அகலத்தைவிட வளர்ச்சிதான் முக்கியம். முந்தாநாள் வரை எளிதாகத் திறந்த கதவு இறுகினாலோ, சுவரிலிருந்து மண் உதிரும் சத்தம் கேட்டாலோ, பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்த வீட்டில் இருக்க வேண்டாம். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு உடனே வெளியே வாருங்கள். சாமானை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.