வெட்டிய கிளையை மரம் என்ன செய்கிறது?

எங்கள் தெருமுனை வேப்பமரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மெதுவடை ஒன்றை ஒட்டி வைத்ததுபோல ஒரு வளையம் தெரியும். ஐந்து வருடங்களுக்கு முன் அங்கே ஒரு கிளையை அறுத்தார்கள். அறுத்த இடத்தைச் சுற்றிப் புதுக்கட்டை உருண்டு திரண்டு வந்திருக்கிறது. நடுவில் பழைய வெட்டுமுகம் சாம்பல் நிறத்தில் அப்படியே கிடக்கிறது. அதே மரத்தின் மறுபக்கம் இன்னொரு வெட்டு. அங்கே வளையம் இல்லை. முழ நீளத்துக்கு ஒரு கட்டை துருத்திக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் அதில் காளான் முளைக்கிறது. இரண்டையும் வெட்டியவர் ஒருவரே, வெட்டியதும் ஒரே நாளில்தான். ஒன்று மூடிக்கொண்டு வருகிறது, மற்றொன்று அழுகுகிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: மரத்துக்குக் காயம் ஆறுவதே இல்லை. நம் கையில் கீறல் விழுந்தால், போன தோலின் இடத்திலேயே புதுத்தோல் வருகிறது. மரத்தால் அது முடியாது. அதன் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய உயிரடுக்கு இருக்கிறது. சில செல்கள் பருமன்தான். மரத்தைப் பருக்க வைப்பது அதுதான். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உட்பட்டையையும் போட்டுக்கொண்டே போகிறது. ஏற்கெனவே உருவான கட்டையை மரம் திரும்பச் செய்வதில்லை. மரத்தில் அறைந்த ஆணி எத்தனை வருடமானாலும் அதே உயரத்தில் நிற்பதும், மெல்ல உள்ளே புதைந்து போவதும் இதனால்தான். வெட்டிய முகம் உள்ளே கிடக்க, அதைச் சுற்றியுள்ள கேம்பியம் விளிம்பிலிருந்து புதுக்கட்டையை வளர்த்து மேலே போர்த்துகிறது. நான் பார்த்த மெதுவடை அதுதான்.

போர்த்தி முடிக்கும்வரை உள்ளே நுழையும் பூஞ்சையை யார் தடுப்பது? இதற்கு விடை தேடியவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. மரங்களைக் குறுக்கே அறுத்து வளையம் எண்ணுவதோடு நிற்காமல், மோட்டார் ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து, அழுகல் எந்த வழியாக எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள். 1977-இல் ஹெரால்டு மார்க்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட விளக்கம், மரம் பராமரிக்கும் தொழிலையே மாற்றிவிட்டது.

ஓர் அறையில் தீப்பிடித்தால் மற்ற அறைகளின் கதவுகளைச் சாத்துகிறோம் அல்லவா, மரமும் அதைத்தான் செய்கிறது. காயத்துக்கு மேலும் கீழும் தண்ணீர் ஓடும் குழாய்களை அடைக்கிறது. இது முதல் சுவர், இருப்பதிலேயே பலவீனமானது; அதனால்தான் அழுகல் நெட்டுக்கு வேகமாக ஓடுகிறது. உள்நோக்கிப் பரவாமல் ஆண்டு வளையங்கள் இரண்டாம் சுவராகின்றன. பக்கவாட்டில் பரவாமல் தடுப்பவை கட்டையில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஓடும் செல் வரிசைகள். இது மூன்றாம் சுவர். நான்காவது சுவரைக் காயம் பட்ட பிறகு கேம்பியம் புதிதாக எழுப்புகிறது. நான்கில் மிக வலுவானது இதுதான். காயத்துக்கு முந்தைய கட்டை முழுவதும் போனாலும், பிறகு வளர்ந்த கட்டைக்குள் அழுகல் வருவது அரிது. பழைய நெடுஞ்சாலைகளில் ஓர் ஆள் உள்ளே நிற்குமளவு பொந்து விழுந்த புளியமரங்கள் தலைநிறைய இலையோடு நிற்கின்றனவே, அவை இந்தச் சுவரின் தயவில்தான் வாழ்கின்றன.

சரி, வேப்பமரத்தின் இரண்டு வெட்டுகளுக்கு வருவோம். கிளை தண்டில் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். லேசாகப் புடைத்த ஒரு வளையம் தெரியும். இதைக் காலர் என்கிறார்கள்; சட்டைக் காலர் மாதிரியே கிளையின் அடியைச் சுற்றியிருக்கும். தண்டின் கட்டையும் கிளையின் கட்டையும் பின்னிக்கிடக்கும் இடம் அது. பூஞ்சையைத் தடுக்கும் வேதிப்பொருள்களை மரம் சேர்த்து வைப்பதும் அங்கேதான். வெட்டு அந்தப் புடைப்புக்குச் சற்று வெளியே விழ வேண்டும். தண்டோடு மழமழவென்று ஒட்ட அறுத்தால் காவல் அரணும் சேர்ந்து போய்விடும். காயம் தண்டிலேயே விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று பலகாலம் எல்லோரும் இப்படித்தான் அறுத்தார்கள். முழக்கட்டையை விட்டாலோ, விளிம்பின் புதுக்கட்டை அதைத் தாண்டிப் போய்ப் போர்த்த முடியாது.

கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்கவும் கூடாது. பாதி அறுக்கும்போதே கிளை தன் பாரத்தில் சாய்ந்து, தண்டின் பட்டையைக் கீழ்நோக்கிக் கிழித்துக்கொண்டு போகும். அதனால் தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுக்க வேண்டும். அப்புறம் அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை முறிந்து விழும். மிச்சமுள்ள கட்டையைக் கடைசியாகக் காலருக்கு வெளியே எடுக்கலாம். வெட்டிய இடத்தில் தார் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அழுகலை அது தடுப்பதில்லை. ஷைகோ பிளந்து பார்த்தவற்றுள் மருந்து பூசிய காயங்களும் இருந்தன.

எனக்கு மனம் பொறுக்காதது மொட்டையடிப்பதுதான். கம்பியில் இடிக்கிறது என்று உச்சியை மொத்தமாக வெட்டினால், ஒரே மாதத்தில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். கட்டையில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து அவசரத்துக்கு விட்ட துளிர் அது. உள்கட்டையோடு பிணைப்பு இல்லாமல் வெளி வளையத்தில் மட்டும் ஒட்டியிருப்பதால், பருத்ததும் ஒரு காற்றில் பிய்ந்து விழும். 'முருங்கையை ஒடித்து வளர்' என்பது காய்க்காகச் சொன்னது. வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் அது பொருந்தாது.

வெளிநாடுகளில் ஆர்பரிஸ்ட் என்ற பெயரோடு மரமேறுபவர்களின் கருவிகளிலும் இந்தப் பாடம் தெரிகிறது. சிறு ஈயக்குண்டுப் பையை மெல்லிய கயிற்றில் கட்டிக் கவட்டைக்குள் வீசி, அதன் வழியே ஏறுகயிற்றை இழுக்கிறார்கள். இடுப்புப் பட்டையில் தொங்கியபடி, பாரம் விழுந்தால் இறுகி, பாரம் நீங்கினால் நழுவும் முடிச்சைத் தள்ளித்தள்ளி மேலேறுகிறார்கள். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் விளக்கிய முடிச்சின் வழிவந்தது அது. கயிறு உரசிக் கவட்டையின் பட்டை தேயாமலிருக்க வளையம் மாட்டிய ஒரு வாரைச் சுற்றுகிறார்கள். அதன் பெயரே கேம்பியம் சேவர், அதாவது கேம்பியத்தைக் காப்பது. காலில் இரும்பு முள் கட்டி ஏறுவது, வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்தில் மட்டும்தான். ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

நம் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரும் தண்டைக் குத்துவதில்லை. பனைக்கும் தென்னைக்கும் அது இன்னும் முக்கியம். வெளியே வைரம் பாய்ந்த இவற்றைத் தொல்காப்பியம் மரம் என்று சொல்வதில்லை, புல் என்கிறது. தாவரவியலும் இவற்றைப் புல்லோடுதான் சேர்க்கிறது: ஒருவித்திலைத் தாவரங்கள், கேம்பியம் கிடையாது. போர்த்த ஆளில்லை. எங்கள் கொல்லைத் தென்னையில் தாத்தா ஏறுவதற்காகக் கொத்திய படிகள் நாற்பது வருடமாக அதே உயரத்தில், அதே ஆழத்தில் இருக்கின்றன. மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கை தண்ணீர் நிற்கும்.