நிலைகுலையும் கணினி: கோளாறு ரேமிலா, பவர் சப்ளையிலா?

ஒரு நாள் பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது. மறுநாள் விளையாட்டு நடுவில் உறைந்துபோகிறது. அடுத்து, விண்டோஸ் நின்றுபோனதைக் காட்டும் நீலத்திரை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தி. இந்தக் கட்டத்தில் பலர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுகிறார்கள். சில நாட்களில் தொல்லை திரும்பிவிடுகிறது. ஒரே டிரைவரின் (ஒரு பாகத்தை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருளின்) பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மென்பொருளைச் சந்தேகிக்கலாம். செய்தி மாறிக்கொண்டே இருந்தால் முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத்தான் சோதிக்க வேண்டும்.

8 ஜிபி ரேமில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய கபாசிட்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, மின்னூட்டமாகத் தாங்குகிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்குள்ளேயே ஒரு கபாசிட்டர் தன் மின்னூட்டத்தை இழந்தால் 1 என்பது 0 ஆகிவிடும். கால் ஒடிந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் விழுவதுபோல, அந்த முகவரியில் அன்று எந்த நிரல் வந்து அமர்கிறதோ அது சரியும். பழியும் அதன் மேல்தான் விழும்.

இதைவிடக் கவலைக்குரியது, எதுவும் சரியாமலே நடக்கும் சேதம். பிறழ்ந்த பிட் நாம் சேமிக்கும் புகைப்படத்துக்குள் சத்தமில்லாமல் போய்விடக்கூடும். அதனால் சந்தேகம் வந்தவுடனே, முக்கியமான கோப்புகளைப் பழைய பிரதியின் மேல் எழுதாமல் தனியாக நகலெடுத்து வையுங்கள்.

மெம்டெஸ்ட்86 போன்ற கருவியைப் பென் டிரைவிலிருந்து இயக்கி இரவு முழுவதும் ஓடவிடலாம். அது விண்டோஸ் இல்லாமலே இயங்கி, ரேமில் பல வடிவங்களை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகளில்) ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி இயங்கினால் அதை அணைத்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். பிழை மறைந்தால், அந்த வேகத்தை ரேமோ ப்ராசஸரோ மதர்போர்டோ தாங்கவில்லை என்று பொருள். மறையாவிட்டால் ஒவ்வொரு ரேமாகக் கழற்றி, அதைச் செருகும் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். பிழை ரேமோடு இடம்மாறினால் கோளாறு ரேமில். ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டையோ ப்ராசஸரையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் கணினி சரியாகலாம், காரணம் தெரியாமலே போய்விடும்.

நீலத்திரைகூட வராமல் சட்டென்று அணைந்தால் கதை வேறு. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல் பவர் 41' என்ற குறிப்பைக் கண்டதும் பலர், பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறிப்பு எதையும் சொல்வதில்லை. எப்போது அணைகிறது என்பதே நல்ல தடயம். கிராபிக்ஸ் கார்டு திடீரென மின்சாரத்தை இழுக்கும் கணத்தில் அணைந்தால் பவர் சப்ளை மீது சந்தேகம் வலுக்கும். 12 வோல்ட் இணைப்பில் வழக்கமாக 5 சதவீத ஏற்ற இறக்கம்தான் அனுமதி, அதாவது 11.4 முதல் 12.6 வரை. மில்லி விநாடி நேரச் சரிவு சாதாரண மல்டிமீட்டரில் தெரியாது. நன்றாக இயங்கும் வேறொரு பவர் சப்ளையைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான வழி. பழையதைத் திறந்து பார்க்காதீர்கள், உள்ளிருக்கும் கபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

கோளாறுக்கு வெப்பம் காரணமா என்று கண்டுபிடிப்பது எளிது: வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ப்ராசஸருக்கு வேலை கொடுத்தால் போதும். ஹார்ட் டிஸ்க் தன் நிலையை ஸ்மார்ட் (SMART) எனப்படும் பதிவுகளில் தானே எழுதி வைக்கிறது. அதில் 5, 197 ஆகிய எண்களுக்கு எதிரே மூல மதிப்பு (raw value) ஏறிக்கொண்டே போனால் வட்டு தேய்கிறது. 199 மட்டும் ஏறினால் முதலில் ஹார்ட் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.